மைய மண்டபத்தில் ஒலித்த ஐந்து சொற்கள்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கச் செயலாளர் கேட்டபொழுது யாம் தயங்கினோம். யாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரெயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதிக் காலங்கழிக்கும் எளிய எழுத்தர். எனினும், சென்ற ஆண்டு எம் குடியிருப்பில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று எம் உள்ளத்தை விட்டு அகலாது நின்றமையின், அதனையே வாயிலாகக் கொண்டு எழுதத் துணிந்தோம். பிழை காணின் பெரியோர் பொறுப்பாராக.

அடுத்த வீட்டுச் சிறுவன் எட்டாம் வகுப்பில் பயில்பவன். ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்காக, டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நாளில் ஆற்றிய உரையின் ஒரு பகுதியை மனப்பாடம் செய்துகொண்டு, எம்மிடம் ஒப்புவிக்க வந்தான். தடங்கலின்றிச் சொல்லி முடித்தபின், "மாமா, இதில் திருவள்ளுவர் என்று வருகிறதே, அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக இருக்கிறாரே, அவர்தாமே?" என்று வினவினான். "ஆம், தம்பி" என்றோம். "அவர் சொன்னது தமிழில் எப்படி இருக்கும்?" என்றான்.

அவன் வீட்டு அலமாரியில் திருக்குறள் இருக்கின்றது. அவன் பாட்டனார் வாங்கி வைத்தது. ஆனால், பள்ளியில் அவன் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கின்றான். தமிழ் எழுத்து அறியான். தன் வீட்டு அலமாரியில் உள்ள பொருளைத் தில்லியிலிருந்து, ஆங்கிலத்தின் வழியாக அவன் பெற்றான். இந்நிலை அவன் ஒருவனுடையது மட்டும் அன்று. நம் பிள்ளைகள் பலருடையதுமாம். ஆகலின், அவ்வுரையில் வந்த சொற்கள் எங்கிருந்து புறப்பட்டன, அவற்றின் பொருள் யாது, அவை நம்மை எவ்வாறு தொடுகின்றன என்பவற்றை ஒருவாறு ஆராய்வோம்.

பதவியுரை என்பது யாது?

குடியரசுத் தலைவர் பதவியேற்கும் நாளில் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. ஒன்று உறுதிமொழி, மற்றொன்று உரை. உறுதிமொழி சட்டத்தால் விதிக்கப்பெற்றது. அரசியலமைப்பின் 60ஆம் பிரிவு அதன் வாசகத்தையே வகுத்துத் தந்துள்ளது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் முன்னிலையில் அதனைச் சொல்லுதல் வேண்டும். உரையோ மரபால் வந்தது. அது வேண்டும் என்று எந்தப் பிரிவும் கட்டளையிடவில்லை.

இம்மரபு அமெரிக்க நாட்டில் முன்னரே வேரூன்றியது. 1789 ஏப்ரல் 30ஆம் நாள், நியூயார்க்கு நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் உறுதிமொழி ஏற்றபின் உரையொன்று நிகழ்த்தினார். அவருக்குப்பின் வந்தோரும் அவ்வழியே நடந்தனர். அமெரிக்க உறுதிமொழியில், அரசியலமைப்பைப் பேணுதல், பாதுகாத்தல், அரணாக நின்று காத்தல் என்னும் பொருள்பட மூன்று வினைகள் அடுத்தடுத்து வரும். அம்மூன்றும் நம் உறுதிமொழியிலும் உள. நம்மவர் அவற்றோடு நில்லாமல், இந்திய மக்களின் தொண்டுக்கும் நலனுக்கும் தம்மை ஒப்படைத்தலையும் சேர்த்தனர். காத்தல் என்னும் சொல்லை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அது மீண்டும் வரும்.

நாடாளுமன்றத்தில் 87ஆம் பிரிவின்படி தலைவர் ஆற்றும் உரை அரசாங்கத்தின் கொள்கையைக் கூறுவது; அமைச்சரவை ஆக்கித் தருவது. பதவியேற்கும் நாளின் உரையில், தலைவர் தம் உள்ளத்திற்கு உகந்த நூலையும் சான்றோரையும் எடுத்துக்காட்ட இடம் உண்டு. அதனாலேயே அவ்வுரையில் வரும் ஒவ்வொரு மேற்கோளும் உற்று நோக்கத் தக்கது.

முன் நடந்தோர்

1950 ஜனவரி 26ஆம் நாள், தில்லி அரசு மாளிகையின் தர்பார் மண்டபத்தில் டாக்டர் இராஜேந்திர பிரசாத் அவர்கள் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். இந்தியா குடியரசாயிற்று என்னும் அறிவிக்கையை அன்று படித்தவர் இறுதித் தலைமை ஆளுநராயிருந்த இராஜாஜி அவர்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்து, நம் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிற் பயின்றவர் அவர். இப்பரந்த நாடு முழுவதும், நெடிய வரலாற்றில் முதன்முறையாக, ஓர் அரசியலமைப்பின்கீழ் ஓர் ஒன்றியமாக இணைந்தது என்பதே இராஜேந்திர பிரசாத் அவர்கள் அன்று வலியுறுத்திய செய்தி. 'ஒன்றியம்' என்பது அவ்வுரையின் உயிர்ச்சொல் எனலாம். பல மொழியும் பல இனமும் கலந்து வாழும் இத்தகைய ஊரில் உள்ள நமக்கு அச்சொல்லின் அருமை நன்கு விளங்கும்.

1962 மே 13ஆம் நாள் பதவியேற்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் திருத்தணியிற் பிறந்தவர். 1918 முதல் 1921 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராய் விளங்கியவர். அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபொழுது, மாணவர் வண்டியைத் தாமே இழுத்து ரெயில் நிலையம்வரை கொண்டுசென்றனர் என்பது இந்நாட்டார் இன்றும் பெருமையுடன் சொல்லும் செய்தி. 1987 ஜூலை 25ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து இராஜாமடத்திற் பிறந்த ஆர். வெங்கட்ராமன் அவர்கள் அப்பதவியை ஏற்றார்.

2002 ஜூலை 25

கலாம் அவர்கள் பதவிக்கு வந்த தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் கேப்டன் லட்சுமி சேகல். சென்னையிற் பிறந்து, நேதாஜியின் படையில் மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய வீராங்கனை. தமிழ் மண்ணிற் பிறந்த இருவர் நாட்டின் முதற் பதவிக்குப் போட்டியிட்ட காட்சி அது.

கலாம் அவர்களின் வரலாற்றில் ரெயிலுக்கும் பெங்களூருக்கும் இடமுண்டு என்பதை இங்குக் கூறாதிருக்க எம்மால் இயலவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் செய்தித்தாட் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையில், சிறுவனாயிருந்த கலாம் தம் முதற் கூலியைப் பெற்றார். பின்னர்க் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். நிலத்தைத் தொடாமல் காற்றின்மேல் மிதந்து செல்லும் 'நந்தி' என்னும் ஊர்தியை அவர் தம் குழுவினருடன் ஆக்கியதும் இவ்வூரிலேதான். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிச் சென்று பார்த்தார்.

இத்தகையவர், தலைமை நீதிபதி பி. என். கிர்பால் முன்னிலையில் உறுதிமொழி ஏற்று, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பேச எழுந்தபொழுது, ஒரு நாட்டுக்கு இன்றியமையாத கூறுகள் யாவை என்பதற்குத் திருக்குறளையே எடுத்துக்காட்டினார். பொருட்பாலில் 74ஆம் அதிகாரமாகிய 'நாடு' என்பதில் 738ஆம் குறள் அது. நோயில்லாமை, செல்வம், மிகுந்த உற்பத்தி, இணக்கமான வாழ்வு, வலிய பாதுகாப்பு என ஐந்தாக அதன் கருத்தை ஆங்கிலத்தில் மொழிந்தார்.

ஐந்து சொற்களும் அவற்றின் பொருளும்

முதற்கண் ஒரு நுட்பம் காண்க. வள்ளுவர் இவ்வைந்தையும் நாட்டுக்கு 'அணி' என்றார். அணி என்பது அழகு செய்வது. கலாம் அவர்களோ இவற்றை நாட்டை அமைக்கும் கூறுகள் என்றார். அரசனுடைய உறுப்புக்களாகப் படை, குடி முதலிய ஆறனை வள்ளுவர் வேறோர் இடத்தில் வைத்திருப்பதால், அவர் 'அணி' என்றது தெரிந்தே சொன்னதாகும். மன்னராட்சியில் நாட்டுக்கு அழகாயிருந்தவை, குடியாட்சியில் நாட்டுக்கு உறுப்பாகிவிட்டன. அணியைக் கழற்றி வைக்கலாம். உறுப்பைக் கழற்றல் இயலாது. இம்மாற்றம் குற்றமன்று, காலத்தின் வளர்ச்சியே என்பது எம் கருத்து.

இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது நோயின்மை. இது நிலத்தின் நலத்தால் வருவது என்று பரிமேலழகர் விளக்கினார். நீரும் காற்றும் மண்ணும் தூயனவாயின் நோய் அணுகாது. அதே அதிகாரத்தில், பசியும் தீராத பிணியும் பகையும் சேராது நடப்பதே நாடு என்னும் பொருள்பட வேறொரு குறளும் உண்டு. பத்துக் குறளுள் இருமுறை பிணியைச் சொன்ன வள்ளுவரின் அச்சம் எத்துணை உண்மையானது என்பதை யாம் 2020ஆம் ஆண்டில் கண்டோம். வளர்ந்த நாடாக இந்தியா விளங்குதல் வேண்டும் என்று கலாம் அவர்கள் தம் நூலிலும் பேச்சிலும் குறித்துவந்த இலக்கு ஆண்டு அது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பயணிகள் வண்டி நின்றது. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. எம் பணிக் காலத்தில் அப்படியொரு வெறுமையான நடைமேடையை யாம் கண்டதில்லை. மே முதல் நாளிலிருந்து தொழிலாளர்க்கான தனி வண்டிகள் விடப்பட்டன. மூட்டையும் குழந்தையுமாக ஊர் திரும்பியோர் கூட்டத்தைக் கண்டபொழுது, ஐந்தனுள் நோயின்மையை வள்ளுவர் ஏன் முன் வைத்தார் என்பது உரையின்றியே விளங்கிற்று.

இரண்டாவது செல்வம். இதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கோலார் தங்கவயலில் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் நூற்றாண்டுக்கு மேலாக நிலத்தின் ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கம் மூடப்பட்டது. கலாம் அவர்கள் மைய மண்டபத்தில் செல்வம் என்னும் சொல்லை மொழிந்தது அதற்குப் பதினேழு மாதங்களின் பின்னர். பொன் எடுத்தவர்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் வண்டியேறி, நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து மீள்கின்றனர். மாதச் சீட்டு வாங்க நிற்கும் அவர்தம் வரிசையைக் காணுந்தோறும், பொன் விளைந்த இடத்தில் வாழ்வது வேறு, செல்வம் உடைமை வேறு என்று நினைப்போம். இவ்வைந்தும் நாட்டு மக்கள் அனைவர்க்கும் நியாயமாகக் கிட்டச் செய்யும் வழியைக் காணுதல் வேண்டும் என்று கலாம் அவர்கள் குறளின் கருத்தோடு தம் கருத்தாக ஒன்றைச் சேர்த்தார். அஃது இல்லையேல் முதல் இரண்டும் சிலர் வீட்டு உடைமையாகவே நின்றுவிடும்.

மூன்றாவது விளைவு. வள்ளுவர் காலத்தில் இது வயலின் விளைச்சல். கலாம் அவர்கள் இதனை மிகுந்த உற்பத்தி என்றபொழுது, வயலோடு தொழிற்சாலையும் ஆய்வுக்கூடமும் அச்சொல்லுள் அடங்கின. நம் எலகங்காவில் 1984 முதல் ரெயில் சக்கரம் வார்க்கும் ஆலை நடக்கின்றது. அதுவும் ஒரு விளைவே. கன்னடத்தில் பயிரைப் 'பெளெ' என்பர். அதுவும் நம் 'விளை' என்பதும் ஒருதாய் வயிற்றுச் சொற்கள். காவிரி நீர் பாயும் மண்டியத்து வயலிலும் தஞ்சை வயலிலும் உழவன் வாயிற் பிறக்கும் சொல் ஒன்றேயாகும்.

நான்காவது இன்பம். இதனைக் கலாம் அவர்கள் இணக்கமான வாழ்வு எனப் பெயர்த்தார். தனி ஒருவன் துய்க்கும் சுகமாக அதனைக் கொள்ளவில்லை. இஃது உரையாசிரியர் கருத்தோடு ஒத்ததே. விழாக்களும் சான்றோரும் உள்ளமை, நுகர்வன உள்ளமை, நிலமும் நீரும் நன்றாயிருத்தல் ஆகியவற்றால் ஒரு நாட்டில் வாழ்வோர் நெஞ்சில் எழும் உவகையே இன்பம் எனப் பரிமேலழகர் கொண்டார். அவ்வதிகாரத்திலேயே, பல குழுக்களாகப் பிரிந்து நிற்றலும் உட்பகையும் இல்லாத நாடே நாடு என்னும் கருத்தும் உள்ளது. ஆகவே 'இணக்கம்' என்னும் சொல், குறளின் உள்ளே மறைந்திருந்ததை வெளியே எடுத்து வைத்தது எனலாம்.

ஐந்தாவது ஏமம். சிறுவன் எம்மை வியக்கவைத்த இடம் இதுவே. 'ஏமம்' என்று யாம் சொல்லவும், "இந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லையே, மாமா" என்றான். உண்மைதான், வழக்கொழிந்த சொல். காவல் என்பது அதன் பொருள். பழந்தமிழில் இன்பம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. அச்சமின்றி உறங்குதலே இன்பம் என்று நம் முன்னோர் கருதினர் போலும். கலாம் அவர்கள் இதனை வலிய பாதுகாப்பு என்றார். ஏவுகணை ஆக்கிய அறிஞர் வாயில் அச்சொல் வரும்பொழுது, எல்லையும் படையுமே கேட்போர் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், காவல் மூவகைப்படும் என்பது பரிமேலழகர் விளக்கம். அரசன் காக்கும் காவல் ஒன்று. அரண் தரும் காவல் ஒன்று. அந்நாட்டில் வாழ்வோர் தாமே தரும் காவல் மற்றொன்று. அரணுக்கு வள்ளுவர் அடுத்த அதிகாரத்தையே தனியே ஒதுக்கியிருத்தலின், இங்கே ஏமம் என்றது மதிலும் படையும் மட்டும் குறித்ததாகாது என்பது தெளிவு.

வாழ்வோர் காவல்! அன்பர்காள், ஆங்கிலத்தில் நழுவிப்போனது இதுவே. எல்லையைப் படைவீரர் காப்பர். சட்டத்தைத் தலைவர் காப்பார். அண்டை வீட்டாரை யார் காப்பது? அது வாழ்வோர் கடன். நாம் எங்கு வாழ்கின்றோமோ அங்குக் காவலும் நம் பொறுப்பு. பிழைக்க வந்தோம், ஆதலின் பொறுப்பு நமக்கில்லை என்று ஒதுங்க அச்சொல் இடந்தரவில்லை.

இரு நெசவாளர்

அதே உரையில் வட நாட்டுக் கபீர்தாசரும் வந்தார். செய்யத்தக்கதை ஒத்திப்போடாது உடனே செய்க என்னும் கருத்தமைந்த அவர் வாக்கைக் கலாம் அவர்கள் எடுத்துரைத்தார். கபீர் காசியில் வாழ்ந்த நெசவாளர். இந்துக்களும் முகம்மதியரும் தமக்குரியர் எனப் போற்றும் அடியார். வள்ளுவரையும் நெசவாளர் என்று கூறும் பழங்கதை நம்மிடை உண்டு. இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன், தெற்கிலிருந்து ஒருவரையும் வடக்கிலிருந்து ஒருவரையும் அழைத்து மைய மண்டபத்தில் அருகருகே அமர்த்தினார். சமயச் சார்பின்மையே நம் நாட்டின் அடித்தளம் என்று அவ்வுரையில் அவர் சொன்னதற்கு, இவ்விருவரையும் சேர்த்துக் காட்டியதே தக்க சான்றாம்.

அல்சூர் ஏரிக்கரையில்

இனி, சிறுவன் முதலிற் கேட்ட சிலைக்கு வருவோம். அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தாரின் முயற்சியால் 1991ஆம் ஆண்டிலேயே திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டது. காவிரிப் பூசலால் மனங்கள் கசந்திருந்த காலம் அது. சிலை திறக்கப்படவில்லை, மூடப்பட்டே நின்றது. ஓராண்டு ஈராண்டு அன்று; பதினெட்டு ஆண்டுகள். 2002ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தில்லி மைய மண்டபத்தில் வள்ளுவர் பெயர் நாடறிய ஒலித்த அந்நாளில், நம் ஊரில் அவர் முகம் துணிக்குள் இருந்தது. அவ்வழியே பணிக்குச் செல்லுந்தோறும் தலை நிமிர்ந்து பார்க்க எமக்கு மனம் வந்ததில்லை.

2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அத்திரை விலகிற்று. இரு மாநில முதலமைச்சர்களாயிருந்த எடியூரப்பா அவர்களும் கலைஞர் கருணாநிதி அவர்களும் மேடையில் ஒருங்கே இருந்தனர். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடப் பெருங்கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஈரடியாற் பாடியவர் இங்கும், மூவடியாற் பாடியவர் அங்குமாக அமர்ந்தனர். ஏரிக்கரையில் அன்று கூடிய மக்கள் இன்புற்றுக் கலைந்தனர். இவ்வூரார் நமக்குக் காவலாயினர். அயனாவரத்தார் அவர்க்குக் காவலாயினர். கலாம் அவர்கள் ஆங்கிலத்தில் சொன்ன இணக்கமான வாழ்வும், உரையாசிரியர் சொன்ன வாழ்வோர் காவலும் ஓரிடத்தில் கூடியதை யாம் கண்ணாரக் கண்டது அப்பொழுதுதான்.

கலாம் அவர்கள் 2015 ஜூலை 27ஆம் நாள் சில்லாங்கில் மாணவரிடையே பேசிக்கொண்டிருந்தபொழுதே சாய்ந்து, உயிர் நீத்தார். அவர் குறித்த 2020ஆம் ஆண்டும் கடந்துவிட்டது. ஐந்தும் நமக்கு முழுமையாகக் கிட்டிவிட்டன என்று யாரும் சொல்லார். ஆயினும், ஒரு நாட்டை அளக்க அவர் கையிலெடுத்த ஐந்து படிகளும் நம் வீட்டுப் படிகளே என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

சிறுவன் போட்டியிற் பரிசு பெற்றானா என்று கேட்பீர்கள். இரண்டாம் பரிசு பெற்றான். எமக்குப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. போட்டிக்கு முதல்நாள் அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். ஐந்து தமிழ்ச் சொற்களையும் கன்னட எழுத்தில் அழகாக எழுதியிருந்தான். "இப்போதைக்கு இப்படித்தான் எழுத முடிகிறது, மாமா. அடுத்த ஆண்டு தமிழெழுத்தில் எழுதுவேன்" என்றான். அத்தாள் எம் மேசைக் கண்ணாடியின்கீழ் இருக்கின்றது.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இடம் நிரம்ப உண்டு. பெற்றோர் தம் மக்களை அனுப்பி வைப்பாராக. கன்னடம் இவ்வூரில் வாழும் நெறியைத் தரும். ஆங்கிலம் தொழிலைத் தரும். அலமாரியில் உள்ளதைத் திறந்து படிக்கத் தமிழ் வேண்டும். அதனைத் தருதல் பெற்றோராகிய நம் கடன். நாளைக்கு எனத் தள்ளிவைத்தல் கபீர்தாசருக்கும் உடன்பாடன்று.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னட நாடு! வளர்க நம் சங்கம்!